வெள்ளிக்கிழமை நெருப்பு

செல்லாயிக்கு நின்றுகொண்டு சமைக்க வேண்டும் என்று ஆசை. இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காதவர்கள் குனோங் ராபாட்டில் கிடையாது. ஊரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஊதுகுழலை ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு பொங்கிய 1926ஆம் வருஷத்தில், மாட்டுவண்டிக்காரன் சன்னாசியின் பெண்டாட்டி மட்டும் துரை வீட்டுக் குசினி மாதிரி மேடை கட்டி அதன்மேல் அடுப்பு வைக்கப்போகிறாளாம். பக்கத்து வீட்டு நவமணி, "மேடையில நின்னு பாட்டும் பாடுவியா அக்கா?" என்று கேட்டாள். செல்லாயியும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

சிரித்தவர்கள் யாரும் பாப்பாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர்கள் இல்லை. பாப்பாவுக்கு நாலு வயது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. மூச்சு இழுக்கும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். வீடோ ஒரே அறை. மூலையில் தரையோடு தரையாக அடுப்பு, எரிக்கிறது காயாத ரப்பர் விறகு. புகை மேலே போக வழியில்லாமல் அத்தாப்பு ஓலைக் கூரையில் முட்டித் திரும்பிப் பிள்ளையின்மேல்தான் இறங்கும். மருந்து கொடுக்கிற டிரெசர் பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "புகையை விட்டு இவளைப் பிரிக்கணும்மா. இல்லேன்னா இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டா" என்று சொல்லி அனுப்பினார். அதனால்தான் பின்பக்கம் தனிச் சமையல்கட்டு, அதனால்தான் மேடை, புகைபோக்கி எல்லாம். இதை ஊரில் ஒவ்வொருத்தருக்கும் விளக்கிக்கொண்டிருக்கச் செல்லாயிக்குப் பொறுமை இல்லை.

ஐப்பசி பிறந்ததும் வேலையைத் தொடங்கினார்கள். வீட்டின் பின்பக்கம் சுண்ணாம்பு மலை. வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் பத்தடி நிலம், அதற்கப்பால் செங்குத்தான பாறை. ஆளும் கிடையாது, பாதையும் கிடையாது. அந்தப் பத்தடியில் ஆறடியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டை இழுத்துவிடுவதாக ஏற்பாடு. கொத்தனார் ராமையா வந்து செங்கல் அடுக்கி, களிமண் பூசி, இடுப்பளவு மேடை எழுப்பி, அதன்மேல் கொடியடுப்பு போட்டார். "பத்து நாள்ல பால் காய்ச்சிடலாம் தங்கச்சி" என்றார். ராமையா பத்து நாள் என்றால் அது இருபது நாள் என்று எல்லோருக்கும் தெரியும். செல்லாயி இருபதுக்குத் தயாராகத்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மேடை வெடித்துக் கிடந்தது. அடுப்பின் வாயிலிருந்து தரைவரைக்கும் நேராக ஒரே வெடிப்பு. ராமையா மண்ணை விரலில் நிமிண்டிப் பார்த்து, ஈயம் தோண்டின குட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண், மணல் கலந்திருக்கிறது என்றார். ஆற்றோர மண் கொண்டுவந்து பூசினார்கள். அதுவும் அதே இடத்தில் வெடித்தது. ராமையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வைக்கோலை நறுக்கிப் போட்டு, சாணியைச் சேர்த்து, கருப்பட்டித் தண்ணீர் விட்டு இரண்டு நாள் காலால் மிதித்துப் பூசினார். அது நின்றது. இவ்வளவு வரைக்கும் எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். கட்டட வேலையில் இறங்கியவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

பிறகு பலகை வந்தது.

செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பழைய லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டின கூலிவீடுகள். பழைய பலகையை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று கணக்கெழுதுகிற கிராணி சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்தில்தான் சன்னாசியும் செல்லாயியும் கல்யாணமான புதுசில் இரண்டு வருஷம் இருந்தார்கள். சன்னாசி வண்டி நிறையப் பலகை ஏற்றிவந்து, செல்லாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்சுவரை அடித்து முடித்துவிட்டான். அவள் திரும்பி வந்ததும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வந்து பாரு புள்ள. என்னா கொண்டாந்திருக்கேன்னு சொல்லு பாப்போம்."

அடுப்பு மேடைக்கு நேர் மேலே, நெஞ்சுயரத்தில், ஒரு பலகையில் சதுரமாக ஓட்டை அறுத்திருந்தது. ஒரு கை நுழைகிற அளவு.

"அடையாளம் தெரியுதா? நம்ம வீட்டுக்கும் சீனியம்மா வீட்டுக்கும் நடுவுல இருந்த பலகை. இடிச்சுப் போட்ட குப்பையில தேடி எடுத்தேன். எத்தன உசுருக்கு நெருப்பு குடுத்த ஓட்டை. ராசியான பலகைலா."

செல்லாயி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஓட்டைய அடைச்சிடுங்க. மழத்தண்ணி வரும்" என்று மட்டும் சொன்னாள்.

சீனியம்மா அந்த லயத்தில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு சமையல்கட்டுக்கும் நடுவில் அந்த ஒரு பலகைத் தட்டிதான். அந்த ஓட்டையை அறுத்தது சீனியம்மாவின் புருஷன். அந்தக் காலத்தில் அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழிக்கிறவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் கங்கு இருந்தால் அடுத்த வீட்டுக்கும் அதுதான் நெருப்பு. ரப்பர் மரத்தில் பால் வடிய மாட்டுகிற பீங்கான் மங்கு ஒன்று, விளிம்பில் ஒரு சில்லு போனது, சீனியம்மாவிடம் இருந்தது. அதில் கொஞ்சம் சாம்பலைப் போட்டுக்கொண்டு, மங்கால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். செல்லாயி ஓட்டை வழியாக அதை வாங்கி, கங்கு நிரப்பித் திருப்பித் தருவாள். சீனியம்மா வெற்றிலைக்காரி. அவள் விரல் நுனியில் எப்போதும் சுண்ணாம்பு வெள்ளை ஒட்டியிருக்கும்.

அந்தச் சுண்ணாம்புத் தடம் இப்போது செல்லாயியின் கண்ணுக்கு நேரே இருந்தது. வெற்றிலையில் தடவியது போக மிச்சத்தைச் சீனியம்மா பலகையில் துடைத்து வைத்த கோடுகள். செல்லாயி வெளியே போய் மலைப்பக்கம் சுற்றிப் பார்த்தாள். அங்கே, மழை படுகிற பக்கத்தில், மங்கலாக ஏழு குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவளே வைத்தது. சன்னாசி பலகையைத் திருப்பி அடித்துவிட்டான். தன் பக்கம் வெளியே பாறையைப் பார்த்து நிற்கிறது, தான் நின்று சமைக்கப்போவது சீனியம்மாவின் பக்கத்தில் என்று அவளுக்குப் புரிந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவும் வழியில்லை.

ராமையா ஓட்டையின்மேல் ஒரு துண்டுப் பலகையை வைத்து நாலு ஆணி அடித்தார். மறுநாள் காலையில் துண்டுப் பலகை அடுப்பு மேடையில் கிடந்தது. ஆணி நாலும் அதன் பக்கத்தில், வளையாமல், வரிசையாக.

"மலைக் குரங்கு வேலை" என்றார் ராமையா.

"ஆணி பிடுங்கி அடுக்கி வைக்கிற குரங்க நான் இதுவரைக்கும் பாத்ததில்லண்ணே" என்றான் சன்னாசி. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். தகரம் வைத்து அடித்தார்கள், அதுவும் காலையில் மேடைக்கு வந்துவிட்டது. களிமண்ணை உருண்டையாக்கி அடைத்தார்கள். அது உள்பக்கமாக உதிர்ந்து, அதில் யாரோ விரலை விட்டு நோண்டின குழி தெரிந்தது. அதற்குப் பிறகு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கார்த்திகையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி, பால் ஊற்றி, சூடத்தைக் காட்டி, தீக்குச்சியைக் கிழித்து அடுப்பு வாயில் நீட்டினாள். அணைந்தது. இன்னொரு குச்சி, அதுவும் அணைந்தது. காற்று என்று சேலைத் தலைப்பைப் பிடித்து மறைத்தார்கள். நவமணி தன் வீட்டிலிருந்து எரிகிற கொள்ளிக்கட்டையையே கொண்டுவந்தாள். அடுப்பு வாய் வரைக்கும் நன்றாக எரிந்த கொள்ளி, உள்ளே போனதும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஊதினதுபோலப் பொசுக்கென்று போய்விட்டது. புகைகூட வரவில்லை. வந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் வாசலில் மூன்று செங்கலை வைத்துப் பாலைப் பொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள்.

ராமையா மட்டும் இருந்தார். தான் கட்டின அடுப்பு எரியவில்லை என்றால் அது அவருக்கு மானப் பிரச்சினை. புகைபோக்கியில்தான் கோளாறு என்று வெளியே மலைப்பக்கம் ஏணி போட்டு ஏறினார். பொழுது சாய்கிற நேரம். செல்லாயி கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். எதிரே வந்த ராமையா அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ எங்கேருந்து வார?"

"கெணத்தடியிலேருந்து. ஏன்ணே?"

"அப்ப குசினிக்குள்ள யாரு?"

"யாருமில்லியே. பாப்பா அவங்கப்பாகூட வண்டிக்குப் போயிருக்கா."

ராமையா வேட்டியை மடித்துக் கட்டினார். "உள்ளேருந்து ஓட்டை வழியா ஒரு பொம்பள பேசுச்சு. பலகையில ரெண்டு தட்டு தட்டுச்சு. நீதான்னு நெனச்சு, 'இரு தங்கச்சி, வாரேன்'னு சொன்னேன். நெருப்பு கேட்டுச்சு. பிள்ளைங்களுக்குக் காய்ச்சலாம். கொஞ்சம் நெருப்பு குடு தாயின்னு கேட்டுச்சு."

அவர் திரும்ப உள்ளே போகவில்லை. கரணையையும் மட்டப்பலகையையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனவர், ஆள் அனுப்பிக்கூட வாங்கவில்லை. கொத்தனார் கரணையை விட்டுவிட்டுப் போனார் என்றால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

செல்லாயி அன்றிலிருந்து வாசலிலேயே, தகரத்தைச் சாய்த்துக் கட்டி அதன்கீழ் மூன்று கல்லை வைத்துச் சமைத்தாள். மேடை அடுப்பு சும்மா கிடந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஆனால் உள்ளேயிருந்து இரண்டு தட்டுக் கேட்கும். அவள் பாப்பாவுக்குக் கதை சொல்கிற சாக்கில் குரலை உயர்த்திக்கொள்வாள். வெளிப்பக்கம் போய் நின்று ஒரே ஒரு கங்கை ஓட்டை வழியாக நீட்டினால் போதும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை வாங்கிக்கொள்ள ஒரு கை வந்தால் என்ன செய்வது என்றுதான் பயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே பயம்.

பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் அந்தத் தோட்டமே காலியானது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. சன்னாசியைப் பால்வெட்டிலிருந்து எடுத்துக் குழி வெட்டப் போட்டார் கங்காணி. சீனியம்மாவின் புருஷனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வண்டிதான் திரும்பி வந்தது. செல்லாயிக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு மாசம்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த கையோடு, பலகையில் இரண்டு தட்டு.

"செல்லாயி, கொஞ்சம் நெருப்பு குடு தாயி. பிள்ளைங்க மூணும் காய்ச்சல்ல கெடக்கு. கஞ்சி வைக்கணும்."

மங்கு ஓட்டையில் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. செல்லாயியின் அடுப்பில் கங்கு கனன்றுகொண்டுதான் இருந்தது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வச்ச பொறவு எப்படிக்கா நெருப்பு குடுக்கிறது? காலையில தாரேன்" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அதற்கு முந்தி எத்தனையோ வெள்ளிக்கிழமை அவள் யோசிக்காமல் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பயந்தது அந்தக் கையைத் தொட. கிழமை ஒரு நல்ல சாக்காக வந்து வாய்த்தது. மங்கு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பின்னால் போனது. செல்லாயி ஒரு கந்தல் துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்தாள். அதற்குப் பிறகும் தட்டுக் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு, ரொம்ப நேரம் கழித்து ஒன்று.

காலையில் துணியை எடுத்துப் பார்த்தபோது நாலு பேரும் ஒரே பாயில் கிடந்தார்கள். குளிர்ந்த அடுப்பில் அரிசியும் தண்ணீருமாகப் பானை. சன்னாசிதான் அவர்களுக்கும் குழி வெட்டினான். மங்கைச் சீனியம்மாவின் தலைமாட்டிலேயே வைத்துத் தன் கையாலேயே மண் தள்ளிவிட்டு வந்து, "கடைசியா ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிச்சாங்களா அதுங்க?" என்று கேட்டான்.

"குடிச்சாங்க. நான்தான் நெருப்பு குடுத்தேன்" என்றாள் செல்லாயி.

"நல்ல காரியம் பண்ணின" என்று சொல்லி, அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எட்டு வருஷம் கழித்துக் குப்பையில் தேடிப் பலகையை எடுத்து வந்திருக்கிறான். அவனை எந்த வாயால் குறை சொல்வது?

மார்கழியில் மழை பிடித்தது. கிழடுகள்கூட இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை என்றார்கள். கிந்தா ஆறு கரையைத் தாண்டி ரோட்டில் ஓடியது. புதன்கிழமை செமோருக்கு லோடு ஏற்றிப் போன சன்னாசி திரும்பி வரவில்லை. பாலத்துக்குமேல் தண்ணீர் போகிறது, அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் அங்கேயே நிற்கின்றன என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றில் வாசல் தகரம் பறந்து, மூன்று கல் அடுப்பு தண்ணீருக்குள் போனது. தீப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது. சாயங்காலம் பிள்ளையின் காய்ச்சல் இறங்கி, உடம்பு குளிர ஆரம்பித்தது. உதடு நீலம் பூத்தது. முந்தின நாளிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை.

செல்லாயி இருக்கிற துணியையெல்லாம் பிள்ளையின்மேல் போட்டாள். கையில் கிடைத்த பால்டின்னை எடுத்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். மறுபக்கத்து வீட்டு இருதயமேரி வேதக்காரி, நாள் கிழமை பார்க்கமாட்டாள். ஆனால் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் கிறிஸ்துமஸ். தாப்பாவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு நாலு நாள் முன்னாலேயே போய்விட்டாள். அதற்கு அப்பால் இருந்த வீடுகளுக்குப் போக முடியாதபடி வெள்ளம் சுழித்தது. நவமணி வீட்டில் மட்டும் விளக்கு தெரிந்தது.

கதவைத் திறந்த நவமணியின் பின்னால் அவளுடைய பிள்ளைகள் மூன்றும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. நல்ல தணல்.

"நவமணி, கொஞ்சம் நெருப்பு குடு. பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கணும். ஒடம்பு குளுந்து போச்சு."

நவமணி பால்டின்னைப் பார்த்தாள். செல்லாயியின் கையைப் பார்த்தாள். தெரிந்தும் தெரியாததுமாக அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னும் காய்ச்சலா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வச்ச பொறவு எப்படிக்கா... காலையில வாங்கிக்கலாம்லா."

செல்லாயிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நவமணி சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புதுசு இல்லை. அந்த அரை அடியும் புதுசு இல்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் வந்ததும் காதைத் தீட்டினாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்தது, ஆனால் அதற்குச் சத்தம் போடக்கூடத் தெம்பு இல்லை. அவள் ஈரச்சேலையோடு நேராகச் சமையல்கட்டுக்குள் போனாள். சன்னாசி கஷ்டப்பட்டுக் கட்டின மேடைக்கு முன்னால், நின்றுகொண்டு சமைக்க ஆசைப்பட்ட அதே இடத்தில் நின்றாள். பால்டின்னால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சீனியக்கா. கொஞ்சம் நெருப்பு குடு தாயி. பிள்ளைக்குக் காய்ச்சல். கஞ்சி வைக்கணும்."

சொல்லிவிட்டுத்தான் நினைத்துப் பார்த்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஏழு குங்குமப் பொட்டு வைத்த பக்கம். அங்கே நின்று நெருப்புக் கொடுக்க வேண்டியவள் செல்லாயிதான். அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? பாறையும் மழையும்தான். ஓட்டை இருட்டாகவே இருந்தது. மறுபடி தட்டினாள்.

"அக்கா, அன்னிக்குக் கெழமை ஒண்ணும் இல்ல. அடுப்புல கங்கு இருந்துச்சு. ஒன் கையத் தொட்டா ஒட்டிக்குமேன்னு பயந்தேன். நான் செத்துருவேன்னு பயந்தேன். துணிய வச்சு அடைச்சதும் நான்தான். நீ தட்டினது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்." பால்டின்னால் இன்னும் இரண்டு தட்டினாள். "ஒங் கோவத்த எம்மேல காட்டு. பாப்பா ஒண்ணும் பண்ணலியே."

மழைதான் பெய்துகொண்டிருந்தது. செல்லாயி நெற்றியைப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், வேறு என்ன செய்ய என்று நினைத்தபோது சாம்பல் வாசனை வந்தது. காய்ந்த, சூடான சாம்பல். பிறகு நெஞ்சுக்கு நேரே ஓட்டை சிவந்தது.

விளிம்பு உடைந்த மங்கு. அது நிறையக் கங்கு. அதைப் பிடித்திருந்த விரல்களின் நுனியில் சுண்ணாம்பு வெள்ளை.

மங்கை வாங்க வேண்டும் என்றால் அந்த விரல்களைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அன்றைக்கு இருந்ததைவிடப் பத்து மடங்கு இருந்தது. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டினாள். பிணத்தின் கை ஜில்லென்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது கொதித்தது. காய்ச்சல்காரியின் கை. எட்டு வருஷமாக அந்தக் காய்ச்சல் இறங்கவே இல்லை.

அடுப்பில் கங்கைக் கொட்டி, மேடைக்கு அடியில் ஐப்பசியிலிருந்து சும்மா கிடந்த விறகை வைத்தாள். ஊதக்கூட இல்லை, பிடித்துக்கொண்டது. புகை ராமையா கட்டின வழியே ஒழுங்காக மேலே ஏறிப் போனது. கஞ்சி கொதித்தது. பாப்பாவைத் தூக்கி வந்து அடுப்புச் சூட்டில் வைத்துக்கொண்டு ஊட்டினாள். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது. கிண்ணத்தில் பாதி போனபோது பிள்ளையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மெல்லக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகு மங்கைக் கழுவி, அது நிறையக் கஞ்சியை ஊற்றி, ஓட்டையில் வைத்தாள். மங்கு போனது. காலியாகத் திரும்பி வந்தது, நாக்கால் வழித்ததுபோலச் சுத்தமாக. மறுபடி ஊற்றினாள். மறுபடி வந்தது. மூன்று தடவை. மூன்றாவது தடவை மங்கைப் பிடித்துத் தள்ளிய விரல்கள் சின்னஞ்சிறிசாக இருந்தன.

நாலாவது தடவை ஊற்றி, "இது ஒனக்கு அக்கா" என்றாள்.

மங்கை யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற சாதாரணக் குரலில், "ஒம் பிள்ள குடிச்சாளா?" என்று கேட்டது.

"குடிச்சா அக்கா."

"அப்ப சரி."

மங்கு பின்னால் நகர்ந்து போனது. திரும்பி வரவில்லை.

சன்னாசி மறுநாள் மத்தியானம், இடுப்புவரை சேறோடு, மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மேடை அடுப்பில் உலை கொதிப்பதையும், பாப்பா கண் விழித்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதையும் பார்த்தவனுக்கு வாயெல்லாம் பல். "எரியுது பாத்தியா. ராசியான பலகைன்னு அன்னிக்கே சொன்னேன்ல புள்ள" என்றான். மாட்டுக்குப் புல் போடப் பின்பக்கம் போனவன், வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான். அவன் கையில் அந்த மங்கு இருந்தது. ஓட்டைக்கு நேர்கீழே, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம்.

சன்னாசி விளிம்பில் சில்லு போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். "இத நான் என் கையாலதானே அவகூட வச்சு மண்ணு தள்ளினேன்" என்றான். "செல்லாயி, இது எப்படி இங்க வந்துச்சு?"

செல்லாயி அடுப்பை விட்டு நகரவில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டு, நின்றபடியே அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசியா கஞ்சி குடிச்சாங்களான்னு கேட்டீங்களே" என்றாள். "அன்னிக்குக் குடிக்கலீங்க. நான் நெருப்பு குடுக்கல. நேத்து அவ குடுத்தா. நேத்துதான் குடிச்சாங்க."